பெரியது ஆணா? டார்வினின் பல்லிப் பக்கங்களை முன்வைத்து

இந்தக் கட்டுரை ஒரு பழைய நூலின் சில பக்கங்களைப் பற்றியது. அந்தப் பக்கங்களை நான் முதலில் தப்பாக வாசித்தேன். வாசித்ததோடு நிற்காமல் அதை வீட்டில் தீர்ப்பாகவும் சொல்லிவிட்டேன். அந்தக் கதையை மறைத்துவிட்டு நூலை மட்டும் விமர்சிப்பது நேர்மையாக இருக்காது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தெலுக் இந்தானில் நண்பர்கள் சிலர் கூடும் வாசிப்பு வட்டத்தில் டார்வினைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருந்தேன். நான் இயந்திரவியல் படித்தவன். என் உயிரியல் எஸ்.பி.எம்.மோடு முடிந்துபோனது. இருந்தாலும் துணிந்து 1871இல் வந்த 'த டிசெண்ட் ஆஃப் மேன்' நூலை எடுத்தேன். தலைப்பில் மனிதன் இருந்தாலும் நூலின் பெரும்பகுதி பூச்சி, மீன், பறவை, பாலூட்டி என்று வரிசையாக எடுத்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் ஏன் வேறுவேறு மாதிரி இருக்கின்றன என்றுதான் பேசுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் பல்லிகள் வருகின்றன. சில பக்கங்கள்தான்.

அதே வாரத்தில் தங்கச்சிக்கு லூமுட் பக்கம் ஒரு கப்பல் பட்டறையிலிருந்து கடிதம் வந்தது. பொலிடெக்னிக்கில் வெல்டிங் படித்தவள். வெல்டிங்கைச் சோதிக்கும் வேலைக்குப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னா தம்பி சொல்ற?"

"கப்பலு உள்ளுக்குப் பூந்து, அந்தச் சூட்டுல ஏறி எறங்குற வேலம்மா. ஆம்பள உடம்பு அதுக்குன்னே அமைஞ்சது. பொம்பள உடம்பு வேற. நான் சொல்லல, இயற்கை சொல்லுது. பல்லிலகூட ஆணுக்குத்தான் பலம், நெறம் எல்லாம். இப்பத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பதில் அனுப்பவேண்டிய தேதி போய்விட்டது. அவள் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வாசிப்பு வட்டத்தில் என் பேச்சு நன்றாகவே போனது.

டார்வின் அந்தப் பக்கங்களில் என்ன சொல்கிறார்? இந்தியாவில் வாழும் விசிறித்தொண்டை ஓணானைப் பற்றிச் சொல்கிறார். ஆணுக்கு மட்டும் கழுத்தின் கீழ் பெரிய மடல் ஒன்று உண்டு. விசிறி மாதிரி மடக்கி விரிக்கலாம். நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று நிறம், அதுவும் இனச்சேர்க்கைக் காலத்தில்தான். பெண்ணுக்கு அதன் சுவடுகூட இல்லை என்கிறார். இலங்கையின் கொம்பு ஓணானைச் சொல்கிறார். அதன் ஆணுக்கு மூக்கு நுனியில் தலையில் பாதி நீளத்துக்கு ஓர் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு அது பேருக்குத்தான். அமெரிக்க அனோல் பல்லிகளில் ஆண்கள் சண்டையிடுவதையும் தோற்றதன் வாலை வென்றது தின்றுவிடுவதையும் சொல்கிறார். நம் ஊர்ப் பறக்கும் பல்லியும் வருகிறது. சேவலின் தாடி போலத் தொண்டையில் தொங்கும் மடல் அதற்கு இரண்டு பாலிலும் உண்டு, ஆனால் வளர்ந்த ஆணில்தான் முழுமையாக இருக்கும், சிலவற்றில் நடு மடல் தலையைப்போல இரண்டு மடங்கு நீளம் என்கிறார்.

இந்த உதாரணங்கள் எல்லாம் சரியானவை. நானும் இதைத்தான் படித்தேன். படித்ததும் எனக்குள் ஏற்கனவே இருந்த ஒரு எண்ணம் 'பார்த்தியா' என்று எழுந்து நின்றது.

எங்கள் வீடு பாகான் டத்தோவில், தாத்தா விட்டுப்போன இருபது தென்னைக்கு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை வந்துவிட்டாலும் பேராக் ஆறு கடலில் சேரும் இந்தப் பகுதிக்கு இன்னமும் தேங்காய்தான் அடையாளம். தென்னை மரத்தில் சிச்சாக் குபின் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பறக்கும் பல்லியைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடக்கும். திடீரென்று விலா எலும்புகளை விரித்து, அவற்றின் மேல் இழுத்துக் கட்டியது போன்ற தோலில் சறுக்கி அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஆணின் தொண்டையில் மஞ்சள் மடல் ஒன்று கொடி மாதிரி எழுந்து மடங்கும். பெண்ணுக்குச் சின்னதாக, நீலம் பாரித்து இருக்கும். டிராக்கோ சுமத்ரானஸ் என்பது இதன் அறிவியல் பெயர்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கச்சி பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒம் பல்லி வந்திருக்கு. ரெண்டு நிக்குது."

ஒரே மரத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே இருந்தது கொஞ்சம் பெரியது.

"எதுண்ணே ஆணு?"

"பெருசுதான்" என்றேன், யோசிக்காமல்.

மேலே இருந்த சின்னது அந்த நேரம் பார்த்து மஞ்சள் மடலை விரித்தது. பெரியது தரைக்கு இறங்கி, மரத்தடி மண்ணில் மூக்கால் முட்டி முட்டிக் குழி பறிக்க ஆரம்பித்தது. பறக்கும் பல்லி மரத்தை விட்டு மண்ணுக்கு வருவது அபூர்வம். பெண் முட்டையிட வரும்போதுதான் அப்படி இறங்கும். நாங்கள் இருவரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றோம். குழியில் முட்டைகளை இட்டு, மறுபடி தலையால் மண்ணைத் தட்டித் தட்டி மூடியது.

"பெருசு ஆணு, ம்ம்?" என்றாள் தங்கச்சி. அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றிரவு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். பறக்கும் பல்லியைப் பற்றிய பத்தியில் மடல் இருக்கிறது, கழுத்துக் கொண்டை இருக்கிறது, நிறம் இருக்கிறது. முட்டை இல்லை. காலையில் என் கண் முன்னால் நடந்த மிகப் பெரிய காரியத்துக்கு அந்தப் பத்தியில் இடமே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு டார்வினே அடிக்குறிப்பில் விடை வைத்திருக்கிறார். விசிறித்தொண்டை ஓணான், பறக்கும் பல்லி இரண்டையும் பற்றிய தகவல்களை அவர் ஆல்பர்ட் குந்தர் 1864இல் வெளியிட்ட 'ரெப்டைல்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' நூலிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறார். குந்தர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தவர். அவர் மேசைக்கு வந்தவை சாராயக் குப்பியில் ஊறிய உடல்கள். பீகிள் கப்பல் மலாயாப் பக்கம் வரவில்லை என்பதால் டார்வினும் இந்தப் பல்லியைக் காட்டில் பார்த்தவர் இல்லை. குப்பிக்குள் இருக்கும் உடலில் எது கண்ணில் படும்? கொம்பு, மடல், கொண்டை. ஆண் உடலில் கூடுதலாக இருப்பதை அளக்கலாம். பெண் உடல் செய்யும் வேலையைக் குப்பிக்குள் பார்க்க முடியாது. ஆகவே பெண் அந்தப் பக்கங்களில் 'இல்லை', 'சிறியது', 'சுவடு' ஆகிய சொற்களோடுதான் வருகிறாள். பெண்ணும் ஓர் உருவம், அவளும் காரணங்களால் செதுக்கப்பட்டவள் என்ற எண்ணம் அங்கே கூர்மையாக இல்லை. இது என் முதல் குற்றச்சாட்டு.

இந்த இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள். பொதுவாகப் பல்லிகளில் ஆண், பெண் உடலைப் பிரிக்கும் காரணங்களாக மூன்றைச் சொல்கிறார்கள். ஒன்று டார்வின் சொன்ன பாலியல் தேர்வு: எதிரி ஆணோடு மோதவும் துணையை ஈர்க்கவும் உதவும் உறுப்புகள் ஆணில் பெரிதாகின்றன. இரண்டாவது கருவளம்: அதிக முட்டையைத் தாங்கும் உடல் பெண்ணில் பெரிதாகிறது. மூன்றாவது, இருவரும் வேறு இரை, வேறு இடம் என்று பிரிந்து வாழும்போது உடலும் அதற்கேற்பப் பிரிகிறது. ஒரே இனத்தில் இவை மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கலாம். நாம் பார்க்கும் உடல் அந்த இழுபறி நின்ற இடம்.

பறக்கும் பல்லியில் இந்த இழுபறியைப் பொறியியல் மாணவன் எவனும் புரிந்துகொள்வான். சறுக்கிப் பறக்கும் எதற்கும் எடையை இறக்கைப் பரப்பால் வகுத்து வரும் எண் முக்கியம். அது கூடினால் வேகமாகவும் செங்குத்தாகவும் விழவேண்டியிருக்கும். மெக்குவையரும் டட்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பறக்கும் பல்லி இனங்களில் உடல் பெரிய இனங்களுக்குச் சறுக்கும் திறன் குறைவு என்று காட்டினார்கள். ஆகவே பெரிதாக இருப்பது ஒரு செலவு. பெண் அந்தச் செலவைச் செய்கிறது, போதாததற்கு வயிற்றில் முட்டையையும் சுமந்துகொண்டு சறுக்குகிறது. ரிச்சர்ட் ஷைனும் சகாக்களும் 1998இல் கருந்தாடிப் பறக்கும் பல்லியை ஆராய்ந்தபோது, பெண்ணின் இறக்கை ஆணுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். முட்டைச் சுமையோடு பறக்க வேண்டியிருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆண் என்றால் கூடுதல், பெண் என்றால் குறைவு என்ற கணக்கு இங்கே தலைகீழாக நிற்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு, அழகைப் பற்றியது. ஆணின் நிறத்தைப் பெண் ரசித்துத் தேர்ந்தெடுக்கிறது என்பது டார்வினின் பெரிய கருத்து. அவர் காலத்தில் அது துணிச்சலான பேச்சு. பெண் பிராணிக்கும் ஒரு மனம் உண்டு, அது தேர்ந்தெடுக்கும் என்று சொன்னவர் அவர். இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டடைந்தவரும் இந்த மலாயாவில் மலாக்கா வரை வந்து பிராணிகளைச் சேகரித்தவருமான வாலஸ்கூட அதை ஏற்கவில்லை. அதற்காக டார்வினை மதிக்கிறேன். ஆனால் பறவைகளுக்குச் சொன்னதைப் பல்லிகளுக்கு அப்படியே நீட்ட முடியாது. பல்லிகளில் பெண் தேர்வு ஏன் இவ்வளவு அபூர்வமாகத் தென்படுகிறது என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்து ஓல்சனும் மாட்சனும் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல இனங்களில் ஆணின் நிறம் பெண்ணை மயக்குவதற்கு என்பதைவிட, பக்கத்து மரத்து ஆணுக்கு 'இது என் இடம், வராதே' என்று சொல்வதற்கே அதிகம் பயன்படுகிறது.

அந்த மஞ்சள் மடலைப் பற்றியே ஓர் அழகான ஆய்வு உண்டு. சரவாக் பல்கலைக்கழகத்தின் இந்திரனீல் தாஸை உள்ளடக்கிய டேனியெல் குளோம்ப் குழு 2017இல் வெளியிட்டது. மடல் மெல்லியது, ஒளி ஊடுருவும். ஆண் மடலை விரிக்கும்போது வெயில் பக்கவாட்டில் விழும்படி உடலைத் திருப்பி நிற்கிறது. வெளிச்சம் மடலுக்குள் புகுந்து அது விளக்கு மாதிரி எரிகிறது. குப்பிக்குள் இதையும் பார்க்க முடியாது. அதே குழு 2014இல், போர்னியோவின் இன்னொரு பறக்கும் பல்லியில் இறக்கைத் தோலின் நிறம் அந்தந்தக் காட்டில் உதிரும் இலையின் நிறத்தோடு ஒத்துப்போவதைக் காட்டியது. சதுப்பு நிலக் காட்டில் சிவப்பு இலை உதிரும், அங்கே தோலும் சிவப்பு. பறவைக்கு அது உதிரும் இலையாகத் தெரியக்கூடும். அதாவது பளிச்சென்ற நிறம் எல்லாமே காதலுக்கானது கிடையாது. உயிர் பிழைக்கும் நிறமும் உண்டு.

மூன்றாவது, ஆண் என்றால் ஒரே மாதிரி ஆண் என்ற எண்ணம். கலிபோர்னியாவில் வாழும் ஒரு சின்னப் பல்லியில் ஆண்களின் தொண்டை மூன்று நிறம். சினெர்வோவும் லைவ்லியும் 1996இல் இதை எழுதினார்கள். செம்மஞ்சள் தொண்டை முரடு, நிறைய இடத்தை வளைத்துப் போடும். நீலத் தொண்டை தன் துணையைக் காவல் காக்கும். மஞ்சள் தொண்டை பெண்ணைப் போலவே தோற்றம் காட்டி நடுவில் நுழைந்துவிடும். முரடனை மஞ்சள் ஏமாற்றும், மஞ்சளை நீலம் பிடித்துவிடும், நீலத்தை முரடன் அடித்துத் துரத்தும். கல், காகிதம், கத்தரி விளையாட்டு மாதிரி. இதில் எது 'இயற்கையான ஆண்'?

தப்பெல்லாம் டார்வின் தலையில் போடவும் முடியாது. வரத் கிரி, தீபக், கரந்த் ஆகியோர் 2016இல் விசிறித்தொண்டை ஓணான்களை மறுபடி ஆராய்ந்து, நிற மடல் உள்ளவற்றைச் சரடா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தபோது, ஒன்றுக்குச் சரடா டார்வினி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சில வரிகளுக்கான மரியாதை அது. இதே பேரினத்தின் இன்னொரு ஓணான் மகாராஷ்டிரத்தின் சல்கேவாடி மேட்டில் வாழ்கிறது. அங்கே காற்றாலைகள் வந்த பிறகு பருந்து வகைகள் குறைந்தன, ஓணான் பெருகியது, கூட்டத்தில் ஆணின் மடல் நிறம் மங்கியது என்று மரியா தாக்கர் குழு 2018இல் எழுதியது. நாங்கள் எஞ்சினியர்கள் நிறுத்தும் ஒரு கம்பம், ஓணான் கழுத்தின் நிறத்தை மாற்றுகிறது. ஆண், பெண் வேறுபாடு என்று நாம் அசையாத கல்லாக நினைப்பது, சுற்றியிருக்கும் பருந்தையும் கூட்டத்தையும் பொறுத்து நகரக்கூடியது.

இதையெல்லாம் இலக்கிய இதழில் ஏன் எழுதுகிறேன்? நம் கதைகளிலும் மேடைப் பேச்சிலும் 'இயற்கை' என்பது வாதத்தை முடிக்கும் சொல்லாக வருவதால். ஒரு கதையில் அப்பா அடிக்கிறார், உடனே சுவரில் ஓர் ஆண் பல்லி பூச்சியைப் பிடிக்கிறது. பெண் பொறுத்துப்போகிறாள், உடனே பால்மரம் வெட்டுப்பட்டுக் கசிகிறது. நானும் இப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன். பல்லியை நாம் பார்ப்பதில்லை. நாம் ஏற்கனவே முடிவு செய்துவிட்டதற்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம். டார்வினின் பக்கங்களை நான் வாசித்ததும் இப்படித்தான்.

குறுந்தொகையின் 16ஆம் பாடல் இதைவிடப் பண்பாக நடந்துகொள்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பொருள் தேடப் போனவன் நம்மை நினைக்க மாட்டானா என்று தோழி கேட்கிறாள். அவன் போகும் கள்ளிக்காட்டில் ஒரு பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது, கள்வர் அம்பு முனையை நகத்தில் புரட்டிப் பார்க்கும் ஓசை மாதிரி. கூப்பிடுவது ஆணா, பெண்ணா என்று புலவர் சொல்வதில்லை. துணை என்று நிறுத்திக்கொள்கிறார். தமிழ் இலக்கணத்திலும் அஃறிணைக்கு ஆண்பால், பெண்பால் வினை கிடையாது, 'அது'தான். காதில் விழுந்ததை மட்டும் சொன்ன அந்தக் கவனத்தைத்தான் நம் காலத்து எழுத்தில் தேடுகிறேன்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறி, தங்கச்சியிடம் போய், "பாரு பாப்பா, பொண்ணுதான் பெருசு, சுமையோட பறக்குது. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. இயற்கை ஒம் பக்கம்தான்" என்றேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, பல்லி என்னா செஞ்சா எனக்கென்னா? பாட்டி எட்டு மாச வயித்தோட தேங்கா உரிச்சாங்க. அவங்ககிட்ட யாரும் பல்லியக் காட்டல. எனக்கு அந்த வேல வேணுமான்னு நீ என்னையக் கேட்டிருக்கணும். நீ அம்மாவுக்குப் பதில் சொன்ன. என்னையக் கேக்கவே இல்ல."

என் மறுவாசிப்பிலும் அதே தப்பு இருந்தது. முதல்முறை பல்லியைக் காட்டித் தடுத்தேன், இரண்டாம்முறை பல்லியைக் காட்டி அனுமதி கொடுத்தேன். ஒரு பல்லியின் உடல் ஏன் அப்படி இருக்கிறது என்று பரிணாமம் சொல்லும். லூமுட்டுக்கு யார் போகலாம் என்று சொல்ல அதற்கு வாயில்லை. அந்த வாயை நான்தான் இரண்டு தடவையும் கொடுத்தேன்.

இந்த வருஷம் தங்கச்சி சித்தியவான் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. காலையில் மோட்டாரில் கிளம்பும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் வாசிப்பு வட்டத்தில் அதே பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றி இன்னொரு தடவை பேச நேரம் கேட்டிருக்கிறேன்.